மீடியாவிக்கிக்கு டாக்கரா, நேரடி நிறுவலா? மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

தமிழ் விக்கிப்பீடியா ஓடுவது மீடியாவிக்கி என்ற திறமூல மென்பொருளில். அதன் நிரலில் கைவைக்க ஆசைப்படும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது, உபுண்டு லினக்ஸில் பிஹெச்பி என்ற நிரல்மொழியையும் மரியாடிபி என்ற டேட்டாபேஸையும் நேரடியாகப் போடுவதா, தேவையான எல்லாவற்றையும் ஒரு தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கரா என்றுதான். இரண்டையும் ஓட்டிவிட்டு நான் டாக்கரில் நிலைத்துவிட்டேன், உங்களுக்கும் அதையே சொல்வேன்.

நேரடி நிறுவலுக்கு ரேம் குறைவாகப் போதும், இறக்க வேண்டியதும் குறைவு. 4 ஜிபி ரேம் உள்ள பழைய விண்டோஸ் லேப்டாப் என்றால், அதில் லினக்ஸ் போட்டு இந்த வழியிலேயே போங்கள்.

டாக்கரில் எதை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் கம்போஸ் கோப்பு மூலநிரலோடு சேர்ந்தே வருகிறது, ஒரு கோப்பிலேயே தரவை வைக்கும் எஸ்கியூலைட்டே போதும் என்பதால் தனியாக டேட்டாபேஸ் சர்வர் வேண்டாம்.

சரி, என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. மீடியாவிக்கி 1.39க்கு பிஹெச்பி 7.4 போதும், உபுண்டு 20.04இல் இருந்ததும் அதுதான். 2024 டிசம்பரில் வந்த 1.43 குறைந்தது 8.1 கேட்கிறது. நேரடியாகப் போட்டவர் வெளியிலிருந்து புதிய பிஹெச்பியை இறக்கி, நீட்சிகளை மறுபடி ஒவ்வொன்றாகச் சேர்த்து, அப்பாச்சி வெப் சர்வர் எந்தப் பதிப்பைப் பிடிக்கிறது என்று தேட வேண்டும், அதே கணினியில் 7.4ஐ நம்பி ஓடும் கோயில் இணையதளமும் இருந்துவிட்டால் ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று படுத்துவிடும். டாக்கரில், புதிய நிரலை இறக்க 'கிட் புல்' செய்யும்போதே கம்போஸ் கோப்பில் இமேஜ் (பிஹெச்பி முதலியவை அடங்கிய தொகுப்பு) பதிப்பும் மாறி வருகிறது, அந்த இமேஜை இறக்கி, அதிலிருந்து ஓடும் பெட்டியான கன்டெய்னரை எழுப்பினால் போதும், உங்கள் கணினியின் பிஹெச்பியை யாரும் தொடுவதில்லை.

"இமேஜ் பெருசாச்சே, லைன் தாங்குமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஃபைபர் இருக்கிறது, தோட்டத்து வீடுகளில் பெரும்பாலும் போன் ஹாட்ஸ்பாட்தான். ஆனால் ஒருவர் இறக்கினால் போதும்: 'டாக்கர் சேவ்' கொடுத்து இமேஜைக் கோப்பாக்கிப் பென்டிரைவில் தந்துவிடலாம், வாங்கியவர் 'டாக்கர் லோட்' கொடுப்பார். பிஹெச்பி நூலகங்களைக் கொண்டுவரும் கம்போசர் என்ற கருவி இறக்கிய வெண்டார் அடைவையும் மறக்காமல் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் அதற்கு வேறு டேட்டா போகும்.

விண்டோஸ்காரர்கள், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2க்குள், லினக்ஸ் ஹோம் அடைவிலேயே நிரலை வையுங்கள். சி டிரைவில் வைத்தால் பக்கம் திறக்க எரிச்சல் வரும் அளவுக்கு நேரமாகும்.

அப்புறம், இணையம் வழியே கிட்ஹப்பின் கணினியிலேயே நிரல் எழுதும் வசதியான கிட்ஹப் கோட்ஸ்பேசஸ். இலவசக் கணக்கில் மாதம் 120 கோர் மணிநேரம், அதாவது 2 கோர் கணினியில் 60 மணிநேரம். சின்னத் திருத்தங்களுக்கு மட்டுமே நான் பயன்படுத்தினேன், பெரிய வேலைக்குத் தாங்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. சாயங்கால மழையில் லைன் போனால் வேலையும் அதோடு நின்றுவிடும், அது மட்டும் நிச்சயம்.