தினமும் பையில் போட்டுக்கொள்ள எந்த டிஎஸ்எல்ஆர்? 100டி, 200டி, 250டி, டி3500, கே-70

சின்ன டிஎஸ்எல்ஆர் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது பாடியின், அதாவது லென்ஸ் இல்லாத கேமராவின், எடையை. தினமும் தோளில் தொங்கப்போகும் கேமராவுக்கு அந்த எண் பாதிக் கணக்குதான். வ்யூஃபைண்டருக்கு (கண் வைத்துப் பார்க்கும் துளைக்கு) ஒளியைத் திருப்பும் மிரர் உள்ளே இருக்கிற வரை எந்த டிஎஸ்எல்ஆரும் ஓர் அளவுக்குமேல் மெலியாது. லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து சென்சார் வரை கேனானில் 44 மி.மீ., நிக்கானில் 46.5 மி.மீ. இடம் விட்டே ஆகவேண்டும். அதனால் பாடிகள் எல்லாமே ஏறக்குறைய 7 செ.மீ. தடிமனில் வந்து நிற்கின்றன. பைக்குள் போகுமா போகாதா என்பதை முடிவு செய்வது முன்னால் மாட்டும் லென்ஸ்.

பேட்டரி, கார்டு, தினமும் மாட்டிக்கொள்ள ஏற்ற ஒரு லென்ஸ் எல்லாம் சேர்த்தால் கணக்கு இப்படி வரும் (லென்ஸ் பெயரில் உள்ள மி.மீ. அதன் குவியத் தூரம், நீளம் அல்ல; எஃப் எண் சிறிதானால் ஒளி நுழையும் துளை பெரிது):

கேனான் 100டி (407 கிராம்) + 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் (125): 532 கிராம்
கேனான் 250டி (449) + அதே லென்ஸ்: 574 கிராம்
கேனான் 200டி (453) + அதே லென்ஸ்: 578 கிராம்
நிக்கான் டி3500 (415) + 35 மி.மீ. எஃப் 1.8ஜி (200): 615 கிராம்
பென்டாக்ஸ் கே-70 (688) + 40 மி.மீ. எஃப் 2.8 எக்ஸ்எஸ் (52): 740 கிராம்

பாடியை மட்டும் நிறுத்தால் டி3500 இரண்டாம் இடம்; லென்ஸோடு நிறுத்தால் நான்காம் இடம். காரணம் எளிது. நிக்கானின் சிறிய சென்சார் வரிசையில் ஆட்டோஃபோகஸ் உள்ள தட்டை லென்ஸ், அதாவது பேன்கேக், கிடையாது. கேனானின் 24 மி.மீ. லென்ஸ் 22.8 மி.மீ. நீளம்தான், நிக்கானின் 35 மி.மீ. லென்ஸ் 52.5 மி.மீ. கிராமைவிட இந்த 3 செ.மீ. வித்தியாசம்தான் பையில் உறுத்தும். 100டியில் பேன்கேக் மாட்டினால் கேமரா தட்டையாகப் படுத்துவிடுகிறது, புத்தகத்துக்குப் பக்கத்தில் செருகலாம். டி3500இல் லென்ஸ் துருத்திக்கொண்டு நிற்கும். பைக்குள் அதற்கென்று ஓர் அறை வேண்டும்.

அந்த 24 மி.மீ. லென்ஸில் கவனிக்க ஒன்று உண்டு. கிட்டத்தில் ஃபோகஸ் செய்தால் அதன் உட்குழல் சில மி.மீ. வெளியே வரும். அப்படியே அணைத்துப் பைக்குள் போட்டால் குழல் அழுத்தப்படும். ஃபோகஸை ஓட்டுவது மோட்டார் என்பதால் அணைத்த பிறகு வளையத்தைத் திருகியும் உள்ளே தள்ள முடியாது. தொலைவில் உள்ள எதையாவது ஃபோகஸ் செய்துவிட்டு அணையுங்கள், குழல் உள்ளே போய்விடும். அணைக்கும்போது லென்ஸை உள்ளிழுக்கும் வசதி மெனுவில் இருந்தால் அதை இயக்கி வைத்துவிடுங்கள்.

வெளிச்சம் குறைந்த இடத்தில் நிக்கான் திருப்பி அடிக்கிறது. எஃப் 2.8க்கும் எஃப் 1.8க்கும் வெளிச்சத்தில் சுமார் 2.4 மடங்கு வித்தியாசம். 1/60 நொடிக்கு கேனான் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 கேட்கும் அறையில், நிக்கானுக்கு 1300 அளவே போதும். இரண்டு லென்ஸிலும் நடுக்கத் தடுப்பு இல்லை, ஆகவே 1/60க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. ஆனால் எஃப் 1.8இல் ஃபோகஸ் பிசகினால் மன்னிப்பில்லை: ஒரு மீட்டர் தூரத்தில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ.; கேனான் 24 மி.மீ. எஃப் 2.8இல் அதே தூரத்தில் 18 செ.மீ. கிடைக்கிறது. வ்யூஃபைண்டர் ஃபோகஸ் முன்னேயோ பின்னேயோ விழுந்தால் சரிசெய்யும் வசதி இந்தக் கேனான், நிக்கான் பாடிகளில் கிடையாது. கே-70இல் உண்டு.

வாங்குவதற்கு முன் இதைச் சோதித்துவிடுங்கள். ஓர் அளவுகோலை மேசையில் சாய்வாக வையுங்கள், கேமராவை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், லென்ஸின் துளையை முழுதாகத் திறங்கள் (மிகச் சிறிய எஃப் எண்). நடுப்புள்ளியால், வ்யூஃபைண்டர் வழியே ஐந்து படம். லைவ் வ்யூவில், அதாவது பின்திரையைப் பார்த்து, ஐந்து படம். ஒவ்வொரு முறையும் முதலில் ஃபோகஸைக் கலைத்துவிட வேண்டும். இரண்டாவது தொகுதி கூர்மையாகவும் முதலாவது ஒரே திசையில் விலகியும் இருந்தால் அந்த ஜோடியை விட்டுவிடலாம்.

கேனான் மூன்றில் எது? 2013இல் வந்த 100டி இன்றும் தூக்கச் சுகமானது. அதன் குறை பேட்டரி: நிறுவனக் கணக்கில் ஒரு சார்ஜுக்கு 380 படம், லைவ் வ்யூவில் அதில் பாதிகூட வராது. வைஃபை இல்லை, திரை மடங்காது. கைப்பிடி சிறியது, சுண்டுவிரலுக்கு இடமிருக்காது; பேன்கேக்குக்கு அது பொருட்டில்லை, கனமான டெலி லென்ஸ் மாட்டினால் மணிக்கட்டு சொல்லும். 2017இன் 200டி ஏறக்குறைய 46 கிராம் கூடுதல் எடைக்கு நிறையவே தருகிறது: 650 படம், வைஃபை, லைவ் வ்யூவில் வேகமாகப் பிடிக்கும் டூயல் பிக்சல் ஃபோகஸ். எல்லாவற்றையும்விட, திரையை உட்புறமாகத் திருப்பி மூடலாம். சாவியோடும் சில்லறையோடும் பையில் கிடக்கும் கேமராவுக்கு இது பெரிய பாதுகாப்பு.

2019இன் 250டி பேட்டரியை 1070 படத்துக்கு இழுக்கிறது, 4கே வீடியோவும் எடுக்கிறது. ஆனால் 4கேயில் காட்சியின் ஓரங்கள் பெருமளவு வெட்டுப்படும், டூயல் பிக்சல் ஃபோகஸும் வேலை செய்யாது. இன்னொன்று பலர் வாங்கிய பிறகே கவனிப்பது. ஃபிளாஷ் செருகும் இடத்தை மேலிருந்து பாருங்கள்: மற்ற பாடிகளில் நடுவே ஒரு வட்ட உலோகப் புள்ளி இருக்கும், 250டியில் அது இல்லை. அந்தப் புள்ளியை மட்டுமே நம்பும் சாதாரண மேனுவல் ஃபிளாஷும் ரேடியோ ட்ரிகரும் (தள்ளி வைத்த ஃபிளாஷை இயக்கும் கருவி) அதில் வேலை செய்யாது. போதாக்குறைக்கு, இதே கேமரா சில நாடுகளில் 200டி மார்க் 2 என்ற பெயரில் வந்தது. பெயரைப் பார்த்து 200டி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். மூன்றில் ஒன்றைக் கைகாட்டச் சொன்னால் 200டிதான்.

டி3500ஐ வேறு மாதிரி ஆளுக்குச் சொல்லலாம்: சார்ஜரைப் பற்றி நினைக்கவே விரும்பாதவர், ஒரே ஜூமோடு வாழ்கிறவர். ஒரு சார்ஜுக்கு 1550 படம். ஏஎஃப்-பி 18-55 விஆர் 205 கிராம்தான், மடக்கினால் 62.5 மி.மீ. மொத்தம் 620 கிராம். லென்ஸை மடக்கி வைத்திருந்தால் பொத்தானை அழுத்தித் திருகி நீட்டிய பிறகே படம் எடுக்கும். தெருவில் ஒரு கணம் தப்பிப்போவது பெரும்பாலும் இதனால்தான், வெளியே கையில் இருக்கும் நேரம் நீட்டியே வையுங்கள். கைப்பிடி ஆழமானது, பிடிக்க அருமை. குறைகளும் நேரானவை: தொடுதிரை இல்லை, மைக் துளை இல்லை, பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை என்பதால் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். சென்சாரை உதறித் தூசி தட்டும் ஏற்பாடும் இல்லை. வெளியிடங்களில் லென்ஸை அடிக்கடி கழற்றி மாட்டுகிறவருக்கு இது ஒத்துவராது.

வ்யூஃபைண்டரில் ஓர் எண் ஏமாற்றும். 100டிக்கு 0.87 மடங்கு, டி3500க்கு 0.85 என்று போட்டிருக்கும். சென்சார் அளவையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால் முறையே 0.54, 0.57, நிக்கானில்தான் காட்சி கொஞ்சம் பெரிது. கே-70 இரண்டையும் தாண்டி 0.63. அதில் முழுக் கண்ணாடிப் பென்டாப்பிரிசம், சட்டகம் 100 சதவீதம் தெரியும், மற்றவற்றில் 95தான். எடை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கே-70இன் பலம் பாடிக்குள்ளேயே இருக்கும் நடுக்கத் தடுப்பும் மழைக்காப்பும். ஆனால் 52 கிராம் பேன்கேக்கில் நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் கிடையாது. அதை மாட்டினால் மழைக்காப்பு லென்ஸ் மாட்டும் வளையத்திலேயே முடிந்துவிடுகிறது. நனையத் துணிந்தால் மடங்கும் 18-50 டபிள்யூஆர் வேண்டும்: 158 கிராம், மொத்தம் 846. மழையில் நடப்பது வாடிக்கை என்றால் மட்டும் அந்த எடைக்குப் பொருள் உண்டு.

பழையது வாங்கும்போது எஃப் 16இல், ஐஎஸ்ஓ 100இல், வெள்ளைச் சுவரை ஃபோகஸ் கலைத்து, கேமராவை மெல்ல அசைத்தபடி ஒரு படம் எடுங்கள். சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. நிக்கானில் ஷட்டர் எண்ணிக்கை, அதாவது இதுவரை எத்தனை முறை ஷட்டர் இயங்கியது என்பது, படக் கோப்பிலேயே பதிவாகும். இந்தக் கேனான்களின் கோப்பில் அது இருக்காது, யுஎஸ்பி வழியே மென்பொருளால் படிக்க முயலவேண்டும். கே-70க்கு மட்டும் கூடுதலாக ஒன்று: லென்ஸின் துளையை இயக்கும் சிறு காந்தச்சுருள் ஒட்டிக்கொண்டால் படங்கள் இருண்டு வரும். ஒரு நாள் முழுக்கத் தொடாமல் கிடந்த கேமராவில் எஃப் 5.6இல் வரிசையாகப் பத்துப் படம் எடுங்கள். முதல் இரண்டு மூன்று மட்டும் இருண்டு, பிறகு சரியாக வந்தாலும் பழுது ஆரம்பித்துவிட்டது என்றே அர்த்தம்.