ட்ரோவ் தளத்தில் ஜெர்சி ஃபிளெக்கைத் தேடினால்

சிட்னியில் ரக்பி லீக் என்ற ரக்பி வகையைப் பார்க்கிற வீடுகளில் ஜெர்சி ஃபிளெக் கோப்பை பழகிய பெயர். இளையோர் அணிகள் ஆடும் போட்டி. அந்த ஃபிளெக் யார் என்று மகனைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறான். சரி, நாமே பார்ப்போம் என்று ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவைத் திறந்தேன். பழைய செய்தித்தாள்களைப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். காசு கிடையாது, பதிவு செய்யவும் வேண்டாம்.

பெயரைச் சும்மா தட்டினால் மாட்டுக் கண்காட்சியும் கம்பளிச் சட்டை விளம்பரமும் வரிசைகட்டும். மேற்கோள் குறிக்குள் போட்டு, ஆண்டைக் குறுக்கி, 'ரெஃபரீ' என்ற பழைய விளையாட்டு இதழைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஆள் அகப்படுவார்.

பிறந்தது இங்கிலாந்தில். 1908இல் சிட்னியில் லீக் போட்டி தொடங்கியபோது ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணியின் முதல் கேப்டன். ஏப்ரல் 20 அன்று வென்ட்வொர்த் பார்க்கில் அந்த அணி நியூடவுனை 32-16 என்று வென்றது. அந்தக் காலத்துப் பக்கங்களில் பொடி எழுத்து, மை வேறு பரவியிருக்கும். பக்கத்திலேயே கணினி வாசித்துத் தந்த வரிகள் ஓடும். மங்கிய இடங்களில் அது பெயர்களைக் கொத்துக்கறி போட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் வரிவரியாகத் திருத்தலாம். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராத வேலை அது.

ஆனால் எனக்கு ருசித்தது அவர் ஆடிய காலமல்ல. 1929இலிருந்து 1960இல் இறக்கும்வரை நியூ சவுத் வேல்ஸ் ரக்பி லீக் அமைப்பின் தலைவர் நாற்காலி அவருடையது. 1941 முதல் ஆஸ்திரேலிய ரக்பி லீக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அவரே தலைவர். கூட்டச் செய்திகளைப் பொறுமையாகப் படியுங்கள். ஆட்டக்காரர் இடைநீக்கம், டிக்கெட் வசூல், இங்கிலாந்துச் சுற்றுப்பயணம், எந்த வட்டாரத்துப் பையன் எந்த கிளப்புக்கு என்ற தகராறு எல்லாம் அங்கேதான் இருக்கிறது. முப்பது வருடம் ஒரே ஆள் தலைமையில் இருப்பது நல்லதா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ஒரே ஆள் அவ்வளவு காலம் இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பெரிய குறை ஒன்று. காப்புரிமை காரணமாகப் பெரும்பாலான நாளிதழ்கள் 1954உடன் நின்றுவிடுகின்றன. 'கான்பெர்ரா டைம்ஸ்' போன்ற சிலதான் அதைத் தாண்டும். அதனால் ஒரு சிட்னிக்காரரின் கடைசி ஆண்டுகளைக் கான்பெர்ரா வழியாக எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1961இல் அவர் பெயரில் கோப்பை தொடங்கிய செய்தியை சிட்னி நாளிதழில் படிக்க ஆசைப்பட்டால், மெக்குவாரி தெருவில் இருக்கும் மாநில நூலகத்துக்கு ரயில் ஏறிவிடுங்கள்.