சேற்றுப் பருவம்: எந்த வண்டி, எந்த டயர், எந்த நேரம்?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் நடுவே இன்னொரு பருவம் உண்டு. 'மட் சீசன்' என்பார்கள். மார்ச் பின்பாதியில் தொடங்கி ஏப்ரல் முழுக்க நீளும், சில வருடம் மே மாதத்தையும் தொடும். இங்கே பாதிக்கு மேற்பட்ட சாலைகள் தார் காணாதவை. குளிரில் பல அடி ஆழத்துக்கு உறைந்த மண், வெயில் ஏறியதும் மேலிருந்து உருகத் தொடங்கும். அடியில் இன்னும் உறைந்தே கிடப்பதால் நீர் இறங்க வழியில்லை. தொளி அடித்த வயலில் இறுகிய அடிமண் தண்ணீரைத் தேக்கி வைக்குமே, அதே கதைதான். நாற்றுக்கு நல்லது, காருக்கு அல்ல.

புதிதாகக் குடிவருகிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கார் வாங்கலாம் என்றுதான். பெரும்பாலும் கிடைக்கும் பதில் சுபாரு. ஆல்-வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் என்பதால் எதையும் தாண்டிவிடும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. சக்கரங்கள் மண்ணைப் பிடித்திருக்கும் வரைக்கும்தான் ஆல்-வீல் டிரைவுக்கு வேலை. தடம் ஆழமாகி, வண்டியின் வயிறு நடுமேட்டில் உட்கார்ந்துவிட்டால் நான்கு சக்கரமும் சும்மா சுற்றும். சுபாருவின் அவுட்பேக் மாடலைக் காப்பாற்றுவதில் பெரும் பங்கு அதன் 8.7 அங்குல கிரவுண்ட் கிளியரன்ஸுக்கு, அதாவது தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் உள்ள இடைவெளிக்கு. சாதாரண செடானுக்கு ஐந்து, ஐந்தரை அங்குலம்தான் இருக்கும்.

பிக்கப் டிரக்குக்கு உயரக் கவலை இல்லை. ஆனால் கனம் அதிகம், பின்தொட்டி காலியாக இருந்தால் பின்சக்கரத்துக்குப் பிடிப்பும் குறைவு. ஃபோர்-வீலில் போடாமல் ஏற்றத்தில் ஏறப் பார்த்தால் பின்பக்கம் நடனமாடும். போதாததற்கு, சாலையை உழுது தடங்களை ஆழமாக்குவதும் இந்த மாதிரி கனமான வண்டிகள்தான். (பக்கத்து வீட்டுக்காரரிடம் இதை நான் சொன்னதில்லை. என் காரை இழுத்துவிட்டதே அவருடைய டிரக்தான்.)

டயரில் என் வாக்கு பனிக்கால டயருக்கு. ஏப்ரல் வந்ததும் கழற்றிவிடத் தோன்றும், ரப்பர் தேயும் என்பதும் உண்மைதான். ஆனாலும் தேய்ந்த ஆல்-சீசன் டயரின் பள்ளங்களில் சேறு அப்பிக்கொண்டால் அது வழுவழு டயர்தான். சேற்றுக்கென்றே வரும் மட் டயர் அகலப் பள்ளங்களால் மண்ணை உதறிவிடும், ஆனால் தார் ரோட்டில் இரைச்சல். ஆறு வாரச் சேற்றுக்காக வருடம் முழுக்க அந்த இரைச்சலைக் கேட்க நான் தயாரில்லை.

வண்டியையும் டயரையும் விடப் பெரிய வித்தியாசம் காட்டுவது கடிகாரம். இரவில் உறைநிலைக்குக் கீழே போயிருந்தால், காலை ஆறரைக்கு அதே சாலை சிமெண்ட் மாதிரி கிடக்கும். மதியம் இரண்டு மணிக்கு அதுவே கூழ். சின்ன செடானில் காலையில் போகிறவர், அவுட்பேக்கில் மதியம் போகிறவரை விட நிம்மதியாக வீடு சேர்வார். சரி, காலைக்கும் ஒரு குறை உண்டு: முந்தைய நாள் தடங்கள் அப்படியே கல்லாக உறைந்திருக்கும், தாழ்ந்த காரின் அடிப்பாகத்தைப் பதம் பார்க்கும். மெதுவாகப் போக வேண்டும். மேகம் மூடி இரவு உறையாமல் போனால் காலை, மாலை எல்லாம் ஒன்றுதான். அன்றைக்கு எந்த வண்டியானாலும் தார் ரோட்டில் சுற்றிப் போவதே மேல், இருபது நிமிடம் கூடினாலும்.

சேற்றில் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் தடத்துக்குள் இறங்குவதா, மேட்டில் ஓட்டுவதா? மேடுதான். சக்கரங்களை நடுமேட்டிலும் ஓரத்திலும் வைத்து, சீரான வேகத்தில், நடுவில் நிறுத்தாமல் போக வேண்டும். நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கஷ்டம். ஆழம் குறைந்த தடமாக இருந்து, அடி கெட்டியாகத் தெரிந்தால் மட்டும் தடத்திலேயே போகலாம்.

அப்புறம், நெடுஞ்சாலை ஏறியதும் ஸ்டீயரிங் உதறினால் மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள். சக்கரத்தின் உட்புறம் அப்பிய சேறு காய்ந்து பேலன்ஸைக் கெடுத்திருக்கும். குழாயைப் பிடித்து ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவிப் பாருங்கள்.