எடிசனின் உருளையா, பெர்லினரின் தட்டா?

1877-இல் தாமஸ் ஆல்வா எடிசன் உருவாக்கிய ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவி, வெள்ளீயத் தகடு சுற்றிய ஓர் உருளை. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே அவர் சொன்ன குழந்தைப் பாட்டு, ஊசியை மறுபடி ஓட்டியதும் திரும்பக் கேட்டது. பத்து ஆண்டுகள் கழித்து எமில் பெர்லினர் அதே வேலைக்குத் தட்டையான தட்டைக் கொண்டுவந்தார்.

ஒலியை மட்டும் பார்த்தால் உருளைக்கே என் ஓட்டு. ஊசிக்கடியில் ஒலி பதிந்த பள்ளம் கடைசிவரை ஒரே வேகத்தில் நகரும். தட்டிலோ உள்வட்டம் நெருங்க நெருங்க வேகம் குறையும், ஒலியின் தெளிவும் குறையும். மெழுகு உருளையில் வீட்டிலேயே பேசிப் பதியவும் முடிந்தது.

ஆனால் வியாபாரம் வேறு கணக்கு. தட்டை ஓர் அச்சிலிருந்து அப்பளம்போல அழுத்தி எடுத்துக்கொண்டே போகலாம், அலமாரியில் புத்தகம்போல அடுக்கலாம். உருளைக்கு நல்ல அச்சுமுறை வருவதற்குள் காலம் ஓடிவிட்டது. அதுவரை பாடகர்கள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடித் தொண்டை வறண்டார்கள்.

1912-இல் எடிசனும் தட்டுக்கு இறங்கிவந்தார். வீம்பு மட்டும் இறங்கவில்லை. அவருடைய தட்டு கால் அங்குலத் தடிமன். ஊசி பக்கவாட்டில் அல்லாமல் மேலும் கீழும் அசையும். அதனால் மற்றவர்களின் கருவியில் நேராகப் போட்டுக் கேட்க முடியாது. காது மந்தமான அவர்தான் பாடகர்களையும் தேர்ந்தெடுத்தார் என்பது வேடிக்கை. 1929-இல் இசைத்தட்டுத் தொழிலையே அவரது நிறுவனம் மூடியது.