கீபாஸ்எக்ஸ்சி, மூணு வருசத்துக்குப் பொறவு: கோவம் பூரா பேங்க் சைட்டு மேலதான்

அம்பாசமுத்திரத்துல உரக்கடை வச்சிருக்க எங்க அத்தான் போன வாரம் போன் போட்டு, "நீ என்னமோ பாஸ்வேர்டு பெட்டி வச்சிருக்கியாமே, எனக்கும் போட்டுக் குடேன்"ன்னு கேட்டாவ. அவாளுக்கு எல்லாத்துக்கும் வண்டி நம்பர்தான் பாஸ்வேர்டு.

அந்தப் பெட்டிதான் கீபாஸ்எக்ஸ்சி, பாஸ்வேர்டு பூராத்தையும் பூட்டி வைக்க ஆப்பு. ஆப்ப பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. காசு கெடயாது, எல்லாம் ஒரே ஃபைல்ல பூட்டிக் கெடக்கும், தொறக்க நெட்டும் வேண்டாம். சைட்டுக்கு சைட்டு 24 எழுத்து, எது என்னன்னு எனக்கே தெரியாது.

சள்ளை எங்கன்னா பேங்க் சைட்டுல. பாஸ்வேர்டு கட்டத்துல பேஸ்ட் பண்ண விடமாட்டான். ரைட் கிளிக் பண்ணா 'பாதுகாப்பு கருதி'ன்னு ஒரு பொட்டி வரும் பாருங்க, சவம், பத்திக்கிட்டு வரும். கையால அடிக்கணும்னா சனம் வண்டி நம்பரத்தானய்யா வைக்கும்? அமெரிக்காவுல தரம் வகுக்குற அரசாங்க அமைப்பு என்ஐஎஸ்டி 2017-லயே பேஸ்ட் பண்ண விடுங்கன்னு எழுதி வச்சாச்சு. இதுல 12 எழுத்துக்கு மேல போடவும் கூடாதாம். நானும் பாளையங்கோட்டையில கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் குடுக்கவன்தான், பாஸ்வேர்ட திருப்பிப் படிக்க முடியாதபடி மாத்தி வைக்க பிகிரிப்ட்னு ஒரு முறை இருக்கு, அதுல போட்டா நீ எட்டு எழுத்து அடிச்சாலும் நாப்பது அடிச்சாலும் டேட்டாபேஸ்ல 60 எழுத்துதான் உக்காரும், பொறவு எதுக்குவே 12? உள்ள அப்படியே எழுதி வச்சிருக்கானோன்னு பயமா இருக்கு. (நான் மட்டும் யோக்கியமா, முத ரெண்டு கடைக்கு எம்டி5-ன்னு லேசா ஒடைக்கக் கூடிய பழைய முறையில, சால்ட்டு (கூடக் கலக்குற கண்டமேனி எழுத்து) கூட போடாம குடுத்தேன், பொறவு கடை கடையா ஏறி எறங்கி மாத்துனது தனிக் கத.)

இந்த பேஸ்ட் சள்ளைக்கு எனக்கு வாச்சது கீபாஸ்எக்ஸ்சில உள்ள ஆட்டோ-டைப். ஆளு அடிக்க மாதிரி ஒவ்வொரு எழுத்தா அதுவே அடிக்கும், சைட்டுக்காரனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. முத நாள் கட்டத்துல புள்ளி புள்ளியா ஓடுனத வீட்ல கூப்புட்டுக் காட்டுனேன், "இதுக்கா அடுப்ப விட்டுட்டு வந்தேன்"னு போயிட்டா. கடேசில என்டரும் அதுவே தட்டிரும், அது தெரியாம ஒருக்கா கர்சர வாட்சப்புல விட்டுட்டேன், பாஸ்வேர்டு பூரா குடும்பக் குரூப்புக்குப் போயிட்டு. "ஏல, இது என்ன பாஷ?"ன்னு சித்தப்பா கேட்டாவ. ஒடனே ஓடி மாத்துனேன்.

பத்துக்கு ஒம்பது குடுப்பேன். ஆனா அத்தானுக்கு வேண்டாம்னுட்டேன். பெட்டியத் தொறக்குற மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்துட்டா 'ஃபர்காட்' பட்டன் கெடயாது, அம்புட்டும் போச்சு, பொறவு நான்ல்லா ஏச்சு வாங்கணும். "ஒரு நோட்டு வாங்கி ஒண்ணொண்ணுக்கும் வேற வேறயா எழுதி பீரோவுல வைங்க"ன்னேன். "இதச் சொல்லவா நீ மூணு வருசமா கம்ப்யூட்டர நோண்டுத"ன்னு போன வச்சிட்டாவ.