முகத்துக்கு அப்பச்சோடாவா, பயற்றம்மாவா? வன்னித் தண்ணீரை முன்வைத்து ஓர் ஒப்பீடு

முகத்தில் படிந்த அழுக்கையும் இறந்த தோலையும் வீட்டிலுள்ள பொருளைக் கொண்டே அகற்ற விரும்புவோர் இன்று பெரும்பாலும் இரண்டில் ஒன்றை நாடுகிறார்கள். ஒன்று, கைப்பேசிக் காணொளிகள் பரப்பிவிட்ட அப்பச்சோடா. மற்றது, தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் இருந்துவரும் பயற்றம்மா, அதாவது பயற்றை அரைத்தெடுத்த மா. இரண்டையும் பாவித்துப் பார்த்தபின் நான் பயற்றம்மாவையே வைத்துக்கொண்டேன். ஆகவே இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். அந்தத் தீர்மானத்தில் பெரும்பங்கு வடஇலங்கையின் வன்னியில் நாம் பாவிக்கும் கிணற்றுத் தண்ணீருக்கு உரியது.

விலையிலும் வசதியிலும் அப்பச்சோடாவே முந்துகிறது. எந்தப் பெட்டிக்கடையிலும் சிறு பக்கற்றாகக் கிடைக்கும், வண்டு பிடிக்காது, மாதக்கணக்கில் கெடாது. பயற்றையோ கல் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, ஆலைக்குக் கொண்டுபோய் அரைத்து, வீட்டில் மீண்டும் அரிக்க வேண்டும்.

தேய்க்கும்போது கைக்குத் தெரியும் வேறுபாடு பெரிது. சோடாவைச் சிறிது நீரில் குழைத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உரசிப் பாருங்கள். நுண்மணலைப் போல நெருடும். 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 96 கிராம் சோடாவே கரையும் என்பதால், குழம்பாகக் குழைத்த சோடாவில் பெரும்பகுதி கரையாத படிகமாகவே நிற்கிறது. இருமுறை அரித்த பயற்றம்மா நீரை உறிஞ்சி ஊறியதும், அதே விரல்களுக்கிடையில் வழுவழுப்பான கூழாகிவிடும். முகத்து எண்ணெயையும் அந்த மாவே இழுத்துக்கொள்ளும். ஒருமுறை மட்டும் அரித்த மாவில் பயற்றுத்தோலின் துணுக்குகள் தங்கிவிடும், அவையும் கீறக்கூடியவைதான்.

உராய்வை மட்டும் கணக்கில் எடுத்தால், கையை மெதுவாக வைத்துச் சோடாவையும் சமாளிக்கலாம். தேய்த்துக் கழுவிய பின் தோல் தன் பழைய நிலைக்கு எப்படித் திரும்புகிறது என்ற இடத்தில்தான் எனக்கு வழக்குத் தீர்ந்தது. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது. அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பிஎச் அளவுகோலில் (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) அது பெரும்பாலும் 5-ஐ ஒட்டி இருக்கும். ஷாடே, மார்க்கியோனினி என்ற ஜேர்மன் மருத்துவர்கள் இருவர் 1928-இல் இதனை அமிலப் போர்வை என்ற பொருளில் பெயரிட்டு விளக்கினார்கள். சோடாக் கரைசலின் அளவு ஏறக்குறைய 8.3. பிஎச் அளவுகோலில் ஒவ்வோர் அலகும் பத்து மடங்கு என்பதால், இந்த இடைவெளி ஏறத்தாழ 2,000 மடங்கு ஆகும்.

அந்த அமிலத்தன்மை குறையும்போது தோலின் மேலடுக்குக் கலங்களைப் பிணைத்திருக்கும் கட்டுகளை அறுக்கும் நொதியங்கள் வேகம் கொள்கின்றன. ஈரத்தைக் காக்கும் கொழுப்புகளை உருவாக்கும் நொதியங்களோ மந்தமாகின்றன. சோடா போட்ட உடனே முகம் மழமழவென்று இருப்பதும், பின்னேரமானதும் அதே முகம் இறுகி, மூக்கோரம் வெள்ளையாகச் செதிலெழுவதும் இதனால்தான். சவர்க்காரத்தின் பிஎச் 9, 10 என்று சோடாவையும் தாண்டுகிறதே என்று ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் சவர்க்காரத்தை நொடிகளில் கழுவிவிடுகிறோம். சோடாக் குழம்பை நிமிடக்கணக்கில் வைத்துத் தேய்க்கிறோம். அதையும் பலர் சவர்க்காரம் போட்ட முகத்திலேயே செய்கிறார்கள்.

தோல் தன் அமிலத்தன்மையைத் தானே மீட்டுக்கொள்ளும். அதற்குச் சில மணி நேரம் வேண்டும். வன்னியின் பல பகுதிகளில் அந்த மீட்சிக்குக் கிணற்றுத் தண்ணீரே தடையாக நிற்கிறது. சவர்க்காரம் இலேசில் நுரைக்காத கடினநீர் அது. கேத்திலின் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பாகப் படிவதும் அதிலுள்ள கல்சியம்தான். கல்சியத்தோடு அந்தத் தண்ணீரில் கரைந்திருப்பது இருகாபனேற்று, அதாவது அப்பச்சோடாவில் இருக்கும் அதே கூறு. சோடா போட்ட முகத்தை இந்தத் தண்ணீரால் எத்தனை முறை அலசினாலும் காரத்தன்மையிலிருந்து அமிலப் பக்கம் திரும்ப உதவி கிடைக்காது. கடினநீர் தோலைத் தொந்தரவு செய்யும் என்பது வெறும் ஊகமும் அன்று. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதிப் பாடசாலைச் சிறுவர்களிடம் நடத்தப்பட்டு 1998-இல் வெளியான ஆய்வு, கடினநீர் பாவிக்கும் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளிடம் தோலழற்சி கூடுதலாக இருந்ததைக் கண்டது. ஆகவே கடினநீரையே நாளும் பாவிக்கும் முகத்தில் சோடாவையும் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பயற்றம்மாவின் பலம் இங்கேதான் வெளிப்படுகிறது. வெறும் மா நடுநிலையை ஒட்டியது. அதனை எருமைத் தயிரில் குழைத்தால் கலவை அமிலப் பக்கம் வந்துவிடுகிறது. தயிரிலுள்ள இலக்டிக் அமிலம் இறந்த தோலை மெல்ல இளக்கிவிடுவதால் அழுத்தித் தேய்க்கும் தேவையும் குறைகிறது. முட்டித் தயிருக்குக் குறைவில்லாத வன்னியில் இதற்கெனத் தனிச்செலவு செய்ய வேண்டியதில்லை. முகத்தை முதலில் நனைத்து, கலவையைப் பூசி, அது இறுகிக் காயும் முன்னரே விரல் நுனியால் வட்டமாகத் தடவிக் கழுவ வேண்டும். காய்ந்து வெடித்த மாவை உரித்தெடுத்தால், சோடா செய்யும் தீமையைப் பயறும் செய்யும். கிழமைக்கு ஒருமுறை போதும். மேல்தோல் தானாகப் புதுப்பிக்கவே இளவயதில் ஏறத்தாழ நான்கு கிழமைகள் எடுக்கும்.

சோடாவோடு தேசிக்காய்ச் சாற்றைக் கலந்தால் காரம் தணியும் என்று சொல்பவர்களும் உண்டு. காரம் தணிவது உண்மைதான். பொங்கி வெளியேறுவது காபனீரொட்சைட்டு, மிஞ்சுவது சோடியம் சித்திரேற்று. ஆனால் தேசிக்காயில், அதிலும் காயின் தோலிலுள்ள எண்ணெயில், வெயில் பட்டால் நம் தோலைப் பொசுக்கும் ஃபுரோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள் உள்ளன. அது பட்ட இடம் ஓரிரு நாளில் சிவந்து கொப்பளிக்கலாம். பிறகு வரும் கபில நிறத் தழும்பு மறைய மாதங்கள் ஆகலாம். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கென முகத்தைப் பொலிவாக்க நினைக்கும் பிள்ளைகள் காலையில் இதைப் பூசிவிட்டு, அதே நாள் உச்சி வெயிலில் வெளி வீதியில் நிற்பதை எண்ணினால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. இந்தக் கலவையை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தோல் வறண்ட வகை. எண்ணெய் வழியும் முகத்தில் பயற்றம்மா எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும் என்பதில் எனக்கு அனுபவம் குறைவு. அத்தகையோருக்குத் தயிரைக் குறைத்து நீரைக் கூட்டிக் குழைப்பது பொருந்தலாம். சீழ்ப் பரு உள்ளவர்கள் சோடா, பயறு என எதையும் தேய்க்காமல், மருந்தகத்தில் கிடைக்கும் 2 சதவீதம்வரையான சலிசிலிக் அமிலக் கழுவியைப் பற்றி மருத்துவரிடம் கேட்பதே மேல். பருப்பு வகைகள் ஒவ்வாதவர்கள் பயற்றம்மாவைத் தவிர்க்க வேண்டும்; மற்றவர்கள் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒருநாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

மாவைப் பேணுவதில் ஒரே கவனம் ஈரம். நெல் வெட்டிய வயலில் விதைத்த பயறு கைக்கு வரும் காலத்தில் வாங்கி, முழுப் பயறாகவே நன்கு காயவைத்து வைத்துக்கொண்டு, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக அரைப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு போத்தலுக்கு மேல் அரைத்து வைக்காதீர்கள்; ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள்; பூஞ்சண வாடை வந்த மாவை முகத்துக்கு எடுக்காமல் கொட்டிவிடுங்கள்.