நவக்கிரகக் கோயில்கள்: அரசுப் பேருந்தில் போவதா, நாமே போவதா?

கும்பகோணத்திலிருந்து ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் காட்டும் சுற்றுலாப் பேருந்தை அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. அப்போது ஆளுக்கு 750 ரூபாய். சனி, ஞாயிறு மட்டும். இப்போதைய கட்டணத்தை முன்பதிவின்போது பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, அர்ச்சனைக்குத் தனியாகப் பணம் வைத்துக்கொள்வது நல்லது.

விடியற்காலையில் கிளம்பும் வண்டி மேற்கே திங்களூரில் (சந்திரன்) ஆரம்பிக்கிறது. அடுத்து ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியாகத் திருநள்ளாறு. வரிசை நன்றாக யோசித்துப் போட்டது. பெரும்பாலான கோயில்களில் பகல் 12 முதல் 4 வரை நடை சாத்திவிடுவார்கள். அதனால் ஐந்தாறு கோயில்களை மதியத்துக்குள் முடித்தாக வேண்டும். சொந்தமாகப் போகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஆற அமரக் காலை டிபன் முடித்து எட்டு மணிக்குப் புறப்பட்டால் கஞ்சனூர் வாசலில் பூட்டைத்தான் பார்ப்பீர்கள்.

மொத்தச் சுற்று ஏறக்குறைய 250 கி.மீ. கிராமத்துச் சாலைகளில் ஏழு மணி நேரம் ஓட்டத்துக்கே போய்விடும். சாப்பாடு, மதிய இடைவெளி போக ஒரு கோயிலுக்கு நாற்பது நிமிடம் தேறினால் அதிகம். செருப்பு விடுவது, அர்ச்சனைச் சீட்டு வாங்குவது, வரிசை எல்லாம் அதற்குள்தான். சும்மா கும்பிட்டு வர இது போதும், அந்த விலைக்கு வேறு ஏற்பாடு எதுவும் கிட்டே வராது.

பரிகாரத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பேருந்து ஒத்துவராது. திருநாகேஸ்வரத்தில் ராகுவுக்குப் பாலாபிஷேகம் ராகு காலத்தில் செய்வதுதான் விசேஷம். ஞாயிற்றுக்கிழமை அது மாலை 4.30 முதல் 6 வரை. பேருந்தோ காலையிலேயே அந்தக் கோயிலைத் தாண்டிவிடும். குரு தலமான ஆலங்குடிக்கு வியாழக்கிழமை உகந்தது, வண்டி வாரக்கடைசியில்தான் ஓடுகிறது. திருநள்ளாற்றில் நள தீர்த்தத்தில் குளித்து உடை மாற்றிவிட்டுச் சனீஸ்வரனைப் பார்க்க நினைத்தால் நாற்பது நிமிடம் எந்த மூலைக்கு? அதிலும் சனிக்கிழமை என்றால் கூட்டம் அம்மும். இரண்டில் ஒன்றுதான் என்றால் ஞாயிறு வண்டியில் ஏறுங்கள்.

பேருந்து, டாக்சி, இரண்டு நாள் பயணம் என்று வழி மூன்று. டாக்சி பிடித்து அதே ஒன்பதையும் ஒரே நாளில் முடிப்பது மூன்றிலும் மோசமான வழி. கி.மீ.க்கு 15 ரூபாய் என்று வைத்தாலும் 3,750 ஆகிறது, டிரைவர் பேட்டா வேறு. ஓட்டமும் அவசரமும் பேருந்தில் உள்ளவையே. முட்டி வலிக்கும் பெரியவர்கள் கூட வந்தால் மட்டும் நியாயம். திருநள்ளாறு புதுச்சேரி எல்லைக்குள் இருப்பதால் டாக்சிக்குப் பெர்மிட் செலவு உண்டு. வாடகையில் அது அடக்கமா என்று புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள், திரும்பி வந்து வாக்குவாதம் வேண்டாம்.

சொந்தமாகப் போவதானால் இரண்டு நாளாகப் பிரியுங்கள். கும்பகோணத்தில் தங்கி, ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திங்களூர், பிறகு ஆலங்குடி, சூரியனார்கோயில், கஞ்சனூர். மதியம் அறையில் ஓய்வு. நான்கு மணிக்கு, ஆறே கி.மீ. தள்ளியுள்ள திருநாகேஸ்வரம் போனால் ராகு கால அபிஷேகம் கிடைத்துவிடும். மறுநாள் கிழக்குப் பக்கம் நான்கு கோயில். அதற்கு மயிலாடுதுறையில் தங்குவது வசதி, வைத்தீஸ்வரன்கோயிலுக்கு ரயிலே உண்டு. அங்கே தெருவில் நாடி ஜோதிடத்துக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு நின்று பதில் சொன்னால் அரை மணி நேரம் காலி. டவுன் பஸ்ஸை நம்பிப் போகிறவர்களுக்குக் கீழப்பெரும்பள்ளம்தான் இடிக்கும். பூம்புகார் பஸ்ஸில் தர்மகுளம் வரை போய் ஆட்டோ பிடிப்பது சுலபம். அங்கிருந்து காரைக்கால் போகும் வழியில்தான் தரங்கம்பாடி. நடை சாத்தியிருக்கும் மதிய நேரத்தை டேனிஷ் கோட்டையில் கழித்துவிட்டு, நான்கு மணிக்கு மேல் திருநள்ளாறு சேரலாம். சனிப்பெயர்ச்சியை ஒட்டிய நாட்களில் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.